ஒரு ஹாட் பாக்ஸும் 1,06,250 ரூபாயும்

எங்கள் வீட்டுச் சமையலறை மேல்தட்டில் ஒரு ஹாட் பாக்ஸ் இருக்கிறது. அட்டைப்பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. போன வருடம் கம்பெனி விளையாட்டு விழாவில் பெண்கள் எறிபந்தில் எங்கள் அணிக்குக் கிடைத்த இரண்டாம் பரிசு அது. கடையில் எழுநூறோ எண்ணூறோ இருக்கும். அன்றைக்குக் காலில் பட்ட அடியால் எனக்கு 1,06,250 ரூபாய் ஆனது, கூடவே பதினோரு வாரமும் போனது. நான் அக்கவுண்ட்ஸில் இருப்பவள், தொகையை மழுப்பிச் சொல்லத் தெரியாது. இதில் பாதியையாவது மிச்சம் பிடித்திருக்கலாம், யாராவது முன்னாலேயே நாலு விஷயம் காதில் போட்டிருந்தால். யாரும் போடவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன். ஆபீஸில் விளையாட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு வயது 41. கோயம்புத்தூரில் பம்ப் செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் பதினாலு வருடமாக வேலை. ஆபீஸில் எழுபது பேர், கீழே ஷாப் ஃப்ளோரில் இருநூற்றுச் சொச்சம் பேர். ஜூலை மாதம் ஒரு சர்க்குலர் வந்தது. ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினம், ஹாக்கி வீரர் தியான் சந்த் பிறந்தநாள். 2019-இல் ஃபிட் இந்தியா இயக்கத்தைத் தொடங்கியதும் அதே தேதியில்தான். அதையொட்டி நம் கம்பெனியிலும் விளையாட்டு விழா, எல்லோரும் ஏதாவது ஒன்றில் பெயர் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. 'விருப்பம் உள்ளவர்கள்' என்ற சொல் அதில் இல்லை. வாய்மொழியாக மேனேஜர் சொன்னது இன்னும் தெளிவு: "பேர் குடுக்காதவங்க லிஸ்ட் மட்டும் எனக்கு வேணும்." இந்த வாக்கியத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும். மைதான வாடகை, டீ ஷர்ட், சாப்பாடு எல்லாவற்றையும் சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனி சமூக நலனுக்குச் செலவழிக்கும் பணத்தின் கணக்கில் எழுதிவிடலாமா என்று என்னிடம்தான் கேட்டார்கள். முடியாது சார், சொந்த ஊழியர்களுக்காகச் செய்வது சி.எஸ்.ஆர். ஆகாது, 2021-இல் விதியைத் திருத்தியபோதே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள் என்று சொன்னேன். ஸ்டாஃப் வெல்ஃபேர் தலைப்பில் எழுதினோம். பட்ஜெட்டில் டீ ஷர்ட்டுக்கு இடம் இருந்தது, டி.ஜே.வுக்கு இடம் இருந்தது. முதலுதவிப் பெட்டி என்று ஒரு வரி கிடையாது. அந்த ஷீட்டைத் தயாரித்தவளே நான்தான். எனக்கும் அது உறைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், என்னை யாரும் கட்டாயப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பெண்கள் பள்ளியில் படித்தபோது எறிபந்தில் மாவட்ட அளவு வரை போனவள் நான். எங்கள் பி.டி. டீச்சர் என்னைப் பின்வரிசையில் ஓரத்தில் நிறுத்துவார், எந்தப் பந்து வந்தாலும் பாய்ந்து எடுப்பேன் என்று. எறிபந்து தெரியாதவர்களுக்கு: பார்க்க வாலிபால் மாதிரி இருக்கும், ஆனால் தட்டக் கூடாது. இரண்டு கையாலும் பிடித்து, மூன்று நொடிக்குள் ஒரு கையால் எறிந்துவிட வேண்டும். இந்தப் பக்கத்துப் பெண்கள் பள்ளிகளில் பாதிப் பேருக்கு இது ரத்தத்தில் ஊறியது. கல்யாணம், பையன், வேலை என்று இருபத்து நாலு வருடம் பந்தைத் தொடவில்லை. எடை எழுபத்தொன்று. காலை எட்டே முக்காலுக்கு நாற்காலியில் உட்கார்ந்தால் மாலை ஆறு மணி வரை எழுந்திருப்பது சாப்பிடவும் பாத்ரூமுக்கும்தான். ஆனால் பந்து கைக்கு வந்ததும் மனசு பத்தாம் வகுப்புக்குப் போய்விட்டது. கால்கள் மட்டும் கூட வரவில்லை. ஒரு காலத்தில் ஆடியவர்கள்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று பின்னால் பிசியோதெரபி கொடுத்த பெண் சொன்னாள். ஆடத் தெரியாதவர்கள் பந்து வந்தால் நின்று பார்ப்பார்கள். தெரிந்தவர்கள் பாய்வார்கள்.

பயிற்சி என்று நடந்தது ஒரே ஒரு நாள், ஆபீஸ் முடிந்து நாற்பது நிமிடம். பிறகு ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. ஒரு கல்லூரியின் கூடைப்பந்து மைதானத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள், சிமெண்ட் தரை. எனக்கு ஷூ கிடையாது. ஒரு நாள் கூத்துக்கு எதற்கு ஆயிரத்து ஐநூறு என்று பையனின் வெள்ளை பி.டி. ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். அரை சைஸ் பெரியது, உள்ளே ஒரு சாக்ஸ் அதிகம். குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு. நாங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே கேட்டோம். வார்ம் அப் என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அரையிறுதியில் ஜெயித்துவிட்டு ஆரஞ்சு ஜூஸ் குடித்தபடி இன்னொரு முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். உடம்பு மறுபடி குளிர்ந்துவிட்டது. இறுதி ஆட்டம், இரண்டாவது செட், 11-க்கு 9 என்று நாங்கள் பின்தங்கி இருந்தோம். வலைக்குப் பக்கத்தில் பந்து தாழ்வாக விழ வந்தது. வலது காலை ஊன்றி முன்னால் எழும்பினேன்.

'டப்' என்று ஒரு சத்தம். பின்னாலிருந்து யாரோ குதிகாலுக்கு மேலே ஓங்கி எத்தியது போல இருந்தது. கோபத்தோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை. அடுத்த ஆள் ஆறடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் டாக்டர் சொன்னார், இந்தக் காயத்தோடு வருபவர்களில் பெரும்பாலோர் அச்சு மாறாமல் இதையேதான் சொல்வார்களாம்: யாரோ எத்திட்டாங்கன்னு திரும்பிப் பார்த்தேன், யாருமே இல்லை. உங்களுக்கோ பக்கத்தில் ஆடுபவருக்கோ இப்படி நேர்ந்தால் அது சுளுக்கு இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரியவில்லை. வலி கூட நான் பயந்த அளவுக்கு இல்லை. நொண்டி நொண்டி நடக்க முடிந்தது, அதுதான் ஏமாற்றிவிட்டது. ஐஸ் கேட்டேன், ஐஸ்கிரீம் கடையிலிருந்து வாங்கி வந்தார்கள். பரிசளிப்புப் படத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்று சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பதினோரு நாள் நான் செய்ததெல்லாம் தப்பு. முதலில் பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே. எலும்பு உடையவில்லை, சுளுக்குதான் என்று வலி மாத்திரையும் கிரேப் பேண்டேஜும் கொடுத்தார்கள். அத்தைக்குத் தெரிந்த ஒருவர் சுளுக்கு வழிப்பதில் கைதேர்ந்தவர் என்று மூன்று முறை போய் எண்ணெய் போட்டு உருவிக்கொண்டேன். தடவைக்கு 400 ரூபாய். உருவும்போது உயிர் போனது. 'நரம்பு பிசகியிருக்கு, சரியாப் போயிரும் அம்மணி' என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவருக்கே தெரியவில்லையே. அறுந்தது எலும்பு இல்லை; கெண்டைச்சதையையும் குதிகாலையும் இணைக்கும் தடித்த தசைநாண், அக்கில்லஸ் டெண்டன் என்பார்கள். அது எக்ஸ்ரேயில் தெரியாது. கண்டுபிடிக்க மெஷினே வேண்டாம் என்பதுதான் வயிற்றெரிச்சல். குப்புறப் படுத்து, பாதத்தைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, வேறொருவரைக் கெண்டைச்சதையை அமுக்கச் சொல்லுங்கள். நல்ல கால் என்றால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். என் இடது கால் அசைந்தது. வலது கால் வாழைத்தண்டு மாதிரி கிடந்தது. எலும்பு டாக்டர் இதைச் செய்து பார்க்க அரை நிமிடம் ஆகவில்லை. இன்னொரு அடையாளம், அந்தக் காலில் மட்டும் நுனிவிரலில் எழும்பி நிற்க முடியாது. இந்த இரண்டும் தெரிந்திருந்தால் திங்கட்கிழமையே போயிருப்பேன்.

எம்.ஆர்.ஐ.யில் முழுசாக அறுந்திருப்பது உறுதியானது. நாள் ஆக ஆக இரண்டு முனையும் விலகிச் சுருங்கிக்கொண்டே போகும், இன்னும் சில வாரம் உருவிக்கொண்டே இருந்திருந்தால் வேறு இடத்துத் தசைநாணை எடுத்து ஒட்டும்படி ஆகியிருக்கும் என்றார் டாக்டர். அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமீபத்தில் ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்களா? சாப்பிட்டிருந்தேன். விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் சிறுநீர்த் தொற்று, மெடிக்கலில் கேட்டு ஐந்து நாள் சிப்ரோஃப்ளாக்சசின். அந்த வகை மருந்துகள், லெவோஃப்ளாக்சசினும் சேர்த்து, தசைநாண் அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே மருந்தின் விவரக் குறிப்பில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறதாம். என் கால் அதனால்தான் போனது என்று சொல்ல முடியாது, வயது, எடை, குளிர்ந்த உடம்பு எல்லாம் சேர்ந்தது என்றார். ஆனாலும் அந்த மாத்திரை சாப்பிட்ட கொஞ்ச நாளைக்கு ஓட்டமும் குதியும் வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சிறுநீர்த் தொற்று ஏன் வந்தது என்று கேட்டால் அது எங்கள் ஆபீஸ் பெண்கள் கழிப்பறையைப் பற்றிய தனிக்கதை.

ஆபரேஷன் முடிந்து பில் 1,26,400. கம்பெனியின் குரூப் இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தான் போனேன். கொடுத்தது 83,900. மீதி 42,500 என் கையிலிருந்து. எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்தேன், அது என் தொழில். எங்கள் பாலிசியில் அறை வாடகை ஒரு நாளைக்கு 2,500 வரைதான். அத்தையும் பையனும் வந்து தங்க வசதியாக இருக்கட்டும் என்று 4,000 ரூபாய் அறை எடுத்தேன். இரண்டு நாளைக்கு 3,000 கூட ஆகும், போகட்டும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. வரம்புக்கு மேல் அறை எடுத்தால் டாக்டர் ஃபீஸ், தியேட்டர் வாடகை எல்லாவற்றிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். கையுறை, பஞ்சு வகையறாவுக்குத் தனி வெட்டு. அட்மிஷன் கவுண்டரில் 'என் பாலிசிக்கு எந்த அறை?' என்று ஒரே கேள்வி கேட்டிருந்தால் இருபதாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும். இன்னொன்று, ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முப்பது நாள் முன்னாலும் வீடு வந்து அறுபது நாள் வரையிலும் அதே நோய்க்கு ஆகும் செலவைப் பல பாலிசிகளில் கேட்டு வாங்கலாம். எம்.ஆர்.ஐ. பில் 6,500-ஐப் பையன் எங்கேயோ தொலைத்துவிட்டான். பிசியோ 26 தடவை, தடவைக்கு 500, துண்டுச் சீட்டில் கையெழுத்து வாங்கி வந்தேனே தவிர சீரியல் நம்பர் போட்ட பில் ஒன்றுகூட வாங்கவில்லை. மாதக் கடைசியில் ஊர்க்காரர்கள் பில்லையெல்லாம் தேதிவாரியாகக் கோர்க்கிறவள் சொந்தக் காலின் பில்லைக் கோர்க்கவில்லை.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வைத்தியம் 1,200, முதல் கிளினிக் 1,450, ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கப் போடும் பூட்ஸ் 4,800, ஆட்டோ 9,200. சிக் லீவ் பன்னிரண்டு, இ.எல். பதினெட்டு முழுசாகக் காலி, அதற்கு மேல் 23 நாள் சம்பளப் பிடித்தம், 27,600. என் சம்பளம் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் வரம்பான 21,000-ஐத் தாண்டியது. வரம்புக்குள் இருப்பவர்களுக்கு, சந்தா ஒழுங்காகக் கட்டியிருந்தால், நோய்க் காலத்தில் 70 சதவீதச் சம்பளம் வருடத்தில் 91 நாள் வரை கிடைக்கும். வேலையில் பட்ட காயம் என்று நிரூபித்தால் 90 சதவீதம். எனக்கு அதுவும் இல்லை. கம்பெனி விழாவில்தானே அடிபட்டது, லீவைக் கழிக்காமல் பாருங்கள் என்று எச்.ஆரில் கேட்டேன். "மேடம், அது ஞாயித்துக்கிழமை, நீங்க விருப்பப்பட்டு வந்தது" என்றார்கள். அன்றைக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினார்கள். பெயர் கொடுக்காதவர்கள் லிஸ்ட் கேட்டார்கள். ஆனால் எழுத்தில் எதுவும் என் கையில் இல்லை, சர்க்குலரின் நகலைக்கூட எடுத்து வைக்கவில்லை. அதைவிடக் கசப்பு ஒன்று இருக்கிறது. ஸ்டாஃப் எல்லோருக்கும் கம்பெனி தனி விபத்துக் காப்பீடும் எடுத்திருந்தது, விபத்தால் வேலைக்கு வர முடியாத வாரங்களுக்கு வாரக் கணக்கில் பணம் தரும் வகை. பிரீமியம் வவுச்சரை வருடா வருடம் என்ட்ரி போடுவது நான். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை. எட்டாவது வாரம் தம்பி முறை ஆகும் ஒருவர் கேட்டுத்தான் பாலிசியைப் படித்தேன். தகவல் தாமதம் என்று திருப்பிவிட்டார்கள். உங்கள் ஆபீஸில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள், அடிபடும் வரை காத்திருக்காதீர்கள். அடிபட்டால் அன்றே ஒரு மெயில், எச்.ஆருக்கு, நாலு வரி போதும்: எந்த விழா, எத்தனை மணி, எப்படி விழுந்தேன், யார் பார்த்தார்கள்.

வீட்டில் இருந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுதப் பிடிக்கவில்லை. முதல் இரண்டு வாரம் பாதம் கீழ்நோக்கி வளைந்தபடி கட்டு, தரையில் ஊன்றக் கூடாது. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். அதற்கு மேல் ஒரு துளை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை வைத்து அத்தை தோள் கொடுத்து உட்கார வைப்பார். எழுபது வயது அவருக்கு. ஒரு நாள் வாசலில் யாரிடமோ, "நாப்பது வயசுல குதிக்கப் போனா இப்படித்தானுங்க" என்று சொன்னது கட்டிலில் கேட்டது. திட்டவில்லை, சும்மா சொன்னார். அதுதான் அதிகம் சுட்டது. ஆபீஸிலிருந்து முதல் வாரம் எட்டுப் பேர் ஹார்லிக்ஸோடு வந்தார்கள். நாலாவது வாரத்துக்குப் பிறகு, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பாஸ்வேர்டு கேட்டுத்தான் போன் வந்தது. கணவர் பகலில் திருப்பூரில். மத்தியானம் மூன்று மணிக்கு ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும்போது, ஒரு ஹாட் பாக்ஸுக்காக என்று தோன்றும், அழுகை வரும், பையன் ஸ்கூல் விட்டு வருவதற்குள் முகம் கழுவிக்கொள்ள நொண்டிப் போவேன். ஒரு எச்சரிக்கை மட்டும்: காலை அசைக்காமல் வைத்திருக்கும் காலத்தில் கெண்டைச்சதை திடீரென்று வீங்கி, சூடாகி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக் கூடாது. ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து உண்டு என்று டிஸ்சார்ஜ் சமயத்தில் சொன்னார்கள். நல்லவேளை, எனக்கு வரவில்லை.

ஆறாவது வாரம் முதல் பூட்ஸோடு நடை. அதில் குதிகாலுக்கு அடியில் அடுக்கடுக்காக ஆப்பு மாதிரி அட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வருவார்கள். பூட்ஸ் கழன்ற பிறகு பிசியோ பெண் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும், முதலில் இரண்டு காலும், அப்புறம் ஒற்றைக் காலில். அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கினால் நடக்காது என்று எனக்குத் தெரியும். அதனால் காலையில் பருப்புக்குக் குக்கர் வைத்தால் மூன்றாவது விசில் வரும் வரை செய்வது என்று வைத்துக்கொண்டேன். அறுந்த காலின் கெண்டைச்சதை சூம்பி, அளந்தால் மற்றதைவிட மூன்று சென்டிமீட்டர் குறைவு. முதல் நாள் குதிகால் தரையிலிருந்து ஒரு காகிதம் நுழையும் அளவுகூட எழும்பவில்லை. "அக்கா, ஒரு காலில் 25 எடுத்தீங்கன்னா ஓடலாமான்னு பேசலாம், அதுவரைக்கும் பேச்சே வேண்டாம்" என்றாள்.

நவம்பரில் ஆபீஸ் திரும்பியபோது விளையாட்டு என்ற பேச்சே அங்கே இல்லை. ஷட்டில் நெட்டை அவிழ்த்து ஸ்டோர்ஸில் போட்டிருந்தார்கள். உங்களுக்கு ஆனதுக்கு அப்புறம் மேனேஜ்மென்ட் ரிஸ்க் எடுக்க விரும்பலை என்றார்கள், ஏதோ நான் எல்லோருடைய பந்தையும் பிடுங்கி வைத்துக்கொண்டது போல. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு நாள் டி.ஜே. வைத்துக் குதிக்கச் சொல்வது, ஒருத்தி விழுந்தால் எல்லாவற்றையும் பூட்டிவிடுவது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாதா? யோசித்துப் பார்த்தால் நம் ஊரில் அலுவலக விளையாட்டு என்பதே வேறொன்றாகத்தான் இருந்திருக்கிறது. பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. என்று வாலிபாலுக்கும் கூடைப்பந்துக்கும் பேர்போன அணிகள். ஆனால் அது ஆடத் தெரிந்தவர்களுக்கு வேலை கொடுத்து உருவாக்கிய அணி, நல்ல விஷயம்தான். அவர்கள் ஆடுவார்கள், கிளார்க் கைதட்டுவார். அந்தக் கிளார்க்கின் உடம்புக்கு என்ன வழி என்று யாரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

ஜனவரியில் எச்.ஆர். புதிதாக ஒன்று கொண்டுவந்தது, காலடிப் போட்டி. போனில் ஆப், ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி, முதல் மூன்று பேருக்குப் பரிசு. இரண்டாவது வாரத்துக்குள் பர்ச்சேஸில் ஒருவர் போனைப் பையனிடம் கொடுத்துத் தெருவில் விளையாட அனுப்பிவிட்டார். இன்னொருவர் டைனிங் டேபிளில் உட்கார்ந்தபடியே போனை ஆட்டிக்கொண்டிருந்ததை அவர் மனைவியே எங்களிடம் சொல்லிச் சிரித்தார். முதல் பரிசு அவருக்குத்தான். பரிசு வைத்தால் பரிசுக்குத்தான் உழைப்பார்கள். எனக்கு அனுபவம் உண்டு.

நான் தொடங்கியது வேறு, அதுவும் காலுக்காகத் தொடங்கியது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். காலை டீ வந்ததும் குடித்துவிட்டுப் பத்து நிமிடம் நடப்பேன்: மாடிப்படி, பேக்கிங், ஸ்கிராப் யார்டு, சைக்கிள் ஸ்டாண்ட், திரும்ப. ஒரு சுற்று நாலு நிமிடம். என் பக்கத்து மேசைப் பெண் துணைக்கு வந்தாள், அப்புறம் டெஸ்பேட்ச்சிலிருந்து இரண்டு பேர், இப்போது ஒன்பது பேர் நடக்கிறோம். வாட்ஸ்அப் குழு கிடையாது, பெயர் கிடையாது, போட்டோ கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலு தரும் பயிற்சி. முன்பு ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று வைத்திருந்தார்கள், அதையும் அந்த வருடம் எடுத்துவிட்டார்கள். எங்கள் கணக்கு, காலையும் மாலையும் பத்துப் பத்து, ஆறு நாளைக்கு 120. ஒரு ஸ்டாப் முன்னால் இறங்கி நடந்தால் மீதி முப்பது வந்துவிடுகிறது. டீ நேரம் ஏற்கெனவே எங்களுடையது என்பதால் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. அதுதான் இது நிலைத்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். மூட்டு வலி உள்ள ஒரு சார் மாடிப்படியைத் தவிர்த்துவிட்டுக் கீழே எங்களோடு சேர்ந்துகொள்வார். அவரை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஷாப் ஃப்ளோர் வழியாகப் போகும்போது வைண்டிங் செக்‌ஷன் பெண்களையும் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருத்தி மோட்டார் காயிலைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தாள். "நீங்க நடங்க மேடம், நாங்க எப்ப உக்காருவோம்னு இருக்கோம்." சுருக்கென்று இருந்தது. துணிக்கடை மாதிரிக் கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. எட்டு மணி நேரம் நிற்பவளுக்கும் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பவளுக்கும் ஒரே சர்க்குலர் அடித்து 'ஃபிட் ஆகுங்கள்' என்று சொன்னால் எப்படி? அவர்களுக்கு வேண்டியது நாற்காலியும், இடுப்புக்கும் தோளுக்கும் ஐந்து நிமிடம் நீட்டி மடக்கும் பயிற்சியும். ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் அதைச் செய்ய சூப்பர்வைசர் ஒருவர் ஒத்துக்கொண்டார், தன் செக்‌ஷனில் மட்டும். நாற்காலி இன்னும் வரவில்லை.

இந்த வருடமும் ஆகஸ்ட் வருகிறது. மேனேஜர் மாறிவிட்டார், புதியவர் விழா நடத்தலாம் என்கிறார். பட்ஜெட் ஷீட் மறுபடி என்னிடம் வந்தபோது ஒரு பக்கம் எழுதி அதோடு இணைத்தேன். சர்க்குலரில் 'விருப்பம் உள்ளவர்கள்' என்று இருக்க வேண்டும், கம்பெனி சார்பில் நடக்கும் விழா என்றும் இருக்க வேண்டும், இரண்டும் ஒரே தாளில். ஆறு வாரத்துக்கு முன்னால் பயிற்சி தொடங்க வேண்டும், வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் வேலை நேரத்திலிருந்து. பேச்சை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பத்து நிமிடம் வார்ம் அப், இடையில் உட்கார்ந்திருந்தால் மறுபடியும். சிமெண்ட் தரை வேண்டாம், மண் தரை. பெண்களுக்கு உடை மாற்றப் பூட்டு உள்ள ஓர் அறை. முதலுதவி தெரிந்த ஒருவர், எந்த ஆஸ்பத்திரி, யார் வண்டி என்று முந்தைய நாளே முடிவு. பாலிசி விவரம் ஒரு பக்கத் தாளில் எல்லோர் கையிலும். நாற்பதுக்கு மேல் உள்ளவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். டி.ஜே. செலவை வெட்டி இதற்கெல்லாம் பணம் காட்டியிருந்தேன். வேலை நேரத்தில் பயிற்சி என்பதை மட்டும் அடித்துவிட்டார்கள், மாலை ஐந்தரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள் என்று. ஐந்தரைக்கு மேல் என்றால் வீட்டில் பிள்ளை இருக்கும் பெண்கள் வர மாட்டார்கள் சார் என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மற்றதற்கு டிக் விழுந்திருக்கிறது, டி.ஜே.வும் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்.

எறிபந்துக்குப் பெயர் கொடுப்பீர்களா அக்கா என்று பக்கத்து மேசைப் பெண் கேட்டாள். ஸ்கோர் போடுகிறேன் என்றேன். ஷூ மட்டும் வாங்கிவிட்டேன், என் சைஸில், 1,899 ரூபாய், பில் பத்திரமாக இருக்கிறது. இன்று காலை மூன்றாவது விசில் வருவதற்குள் இடது காலில் 25, வலது காலில் 19. இருபதாவதுக்குக் குதிகால் பாதி எழும்பியது. அத்தை பின்னாலிருந்து, "அடுப்பை அணைக்கட்டுமா, இன்னொரு விசில் உடட்டுமா?" என்றார்.